மனோரா கோட்டைப் பக்கம் கடலில் டால்பின், திமிங்கிலம் பார்க்கப் படகு கிடைக்குமா? குழந்தைகளோடு வருகிறோம்.

கரையில் நின்று கேட்டால் யாராவது ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஏறாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு மனோராவுக்கும் ஒரு எட்டு வருகிற திட்டம் என்று நினைக்கிறேன். அப்படி வந்த ஒரு குடும்பத்தை நானே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

எனக்கு ஊர் சேதுபாவாசத்திரம் பக்கம். அப்பாவுக்கு நண்டு வலைத் தொழில். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்ததில் எங்கள் ஃபைபர் படகு கருவை மரத்தில் போய் மோதிக் கிடந்தது. கடன் வாங்கிப் பழுது பார்த்தோம். அடுத்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்துக்காரர்கள் எட்டுப் பேர் வந்து ஓங்கில் காட்டினால் 2000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். டால்பினை நாங்கள் ஓங்கில் என்போம். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். மீன்பிடிப் படகில் ஆள் ஏற்றிச் சுற்றிக்காட்ட அனுமதி இல்லை என்று தெரியும். கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றதும் தெரியும். ஏற்றிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் நாலு ஓங்கில் தென்பட்டது. அதில் ஒன்று குட்டி, தாயின் விலாவை ஒட்டியே வந்தது. பின்னாலிருந்த பையன் "அண்ணே, முன்னாடி போய் மறிங்க, மூஞ்சி தெரியட்டும்" என்றான். மறித்தேன். முங்கி வேறு பக்கம் எழும்பின. அங்கேயும் போனேன். இப்படி நாலைந்து தடவை. பெரியவை வெகுநேரம் மேலே வரவேயில்லை. குட்டியால் அவ்வளவு தம் பிடிக்க முடியவில்லை, தனியாக எழும்பி எழும்பி மூச்சு விட்டது. படகில் ஒரே விசில். அந்த மூச்சுச் சத்தம் எஞ்சினை மீறி என் காதில் விழுந்தது, இன்னும் விழுகிறது.

ராத்திரி அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. "அது பால் குடிக்கிற நேரமான்னு உனக்குத் தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டார். ஓங்கில் குட்டி ஓடுகிற தாயிடம் தண்ணீருக்குள்ளேயே பால் குடிக்கிறது. இரை தேடுவதும் ஒன்றையொன்று கூப்பிடுவதும் சத்தத்தை வைத்துத்தான். எஞ்சினோடு பின்னால் போனால் அந்தச் சத்தத்தை மூடிவிடுகிறோம்.

'வலையில் மாட்டிச் சாகிறதே, அதை விடவா இது?' என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வலைதான் பெரிய ஆபத்து, மறுக்கவில்லை. ஆனால் வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை, வலையை அறுத்து விட்டவர்களும் எங்கள் கடற்கரைக்காரர்கள்தான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை கடல் பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். நீங்கள் வரப்போவதும் அந்தக் கடலுக்குத்தான். ஓங்கிலும் ஆவுளியாவும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் விரட்டுவதும் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வருகிறது.

பெரிய திமிங்கிலம் கேட்டீர்கள். எங்கள் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், அதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இலங்கையில் மிரிஸ்ஸவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதற்காகவே ஆட்கள் போகிறார்கள். அங்கேயும் ஒரே நீலத்திமிங்கிலத்தைப் பல படகுகள் வளைத்துக்கொள்வதாகப் புகார் உண்டு. எங்கே போனாலும் ஏறும்முன் படகுக்காரரிடம் பேசுங்கள். டால்பினுக்கு 50 மீட்டர், திமிங்கிலத்துக்கு 100 மீட்டர் தள்ளி நிற்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். குறுக்கே மறிக்காமல் பக்கவாட்டில் மெதுவாகப் போக வேண்டும், குட்டி இருந்தால் விலகிவிட வேண்டும். "கண்டிப்பா காட்டுறேன், இல்லேன்னா காசு வேண்டாம்" என்கிறவர் படகில் ஏறாதீர்கள். அந்தக் காசுக்காக அவர் துரத்தியே ஆக வேண்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கஜாவுக்குப் பிறகு சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள் படகை எழுதினார்கள், எஞ்சினை எழுதவில்லை. மனு மேல் மனுவாகக் கொடுத்து அப்பாவுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அந்த எஞ்சினுக்கு வாங்கிய கடனை மூன்று வருஷம் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை ஆள் ஏற்றுகிற பையன்களைத் திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததை நியாயப்படுத்தவில்லை.

குழந்தைகளை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போங்கள், வனத்துறையே படகு விடுகிறது. மார்கழி, தையில் வந்தால் கோடியக்கரையில் பூநாரையும் வெளிமானும் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.