அமெரிக்க மாணவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

கேள்வி: அமெரிக்காவில் படிக்கப் போகிறேன். அங்கே பேராசிரியர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதை உள்ளூர் மாணவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஆனால் "பேராசிரியர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஒழுங்காகப் படிக்கணும், சந்தேகம் கேட்கணும், டெட்லைனை விடக் கூடாது என்பார்கள். இதைச் சொல்ல நம் வீட்டுப் பெரியப்பாவே போதும்.

ஓஹையோவில் நான் படித்த மாநிலப் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கில வகுப்பில் இதையே அசைன்மென்ட்டாகக் கொடுத்தார்கள். உள்ளூர் மாணவர்களைப் பேட்டி எடுத்து எழுத வேண்டும். என்னுடன் வியட்நாம் பையன் ஒருவன், சவூதிப் பெண் ஒருத்தி. பேட்டி சப்பென்று போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பெண்தான் கேள்வியை மாற்றினாள்: "போன வாரம் இந்த வகுப்புக்காக என்னென்ன செய்தாய்?" அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

பேட்டி கொடுத்தவள் வரலாறு மூன்றாம் ஆண்டு. லேப்டாப்பில் ஒரு வகுப்பின் சிலபஸைத் திறந்து காட்டினாள். பாடத் தலைப்புகள் கொஞ்சம்தான். மீதி முழுக்க விதிகள். வகுப்பில் பேசுவதற்கு 15 சதவீத மதிப்பெண், தாமதத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வெட்டு, சாட்ஜிபிடியை எதற்குத் தொடலாம், எதற்குத் தொடக் கூடாது என்று எல்லாம் எழுதியிருந்தது. செமஸ்டரின் முதல் வாரத்திலேயே எல்லாத் தேதியையும் கூகுள் காலண்டரில் ஏற்றிவிடுவாளாம். "சார் ஞாபகப்படுத்த மாட்டாரா?" என்று கேட்டேன். "அதான் சிலபஸில் இருக்கே" என்றாள்.

வாரத்துக்கு நூறு பக்கத்துக்கு மேல் வாசிக்கக் கொடுத்திருந்தார்கள். அத்தனையும் படிப்பாயா என்றதற்குச் சிரித்தாள். முன்னுரையும் முடிவுரையும் முழுசாக, நடுவில் ஒவ்வொரு பத்தியின் முதல் வரி. அப்புறம் வகுப்பில் கேட்க ஒரு சந்தேகம், மறுத்துப் பேச ஒரு கருத்து, இரண்டையும் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு போவாள். நூறு பக்கத்தையும் வரிவிடாமல் படித்துவிட்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 15 சதவீதம் போச்சு. நம்மூர்ப் படிப்பாளிகள் அடிவாங்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

அமெரிக்கர் என்பதாலேயே எல்லாம் தெரிந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இன்னொரு பையன், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவன், விடுதி மெஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவன். ஆபீஸ் அவர்ஸில், அதாவது மாணவர்கள் வந்து பேசுவதற்கென்று பேராசிரியர் தன் அறையில் ஒதுக்கி வைக்கும் நேரத்தில், அவரைப் போய்ப் பார்ப்பதெல்லாம் ஃபெயில் ஆகப் போகிறவர்களின் வேலை என்று இரண்டாம் ஆண்டு வரை நினைத்திருந்தானாம். ஆராய்ச்சி உதவியாளர் வேலையும் சிபாரிசுக் கடிதமும் பெரும்பாலும் அந்த அறையில்தான் ஆரம்பிக்கின்றன என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அப்பா அம்மா பட்டதாரிகளாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வீட்டிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் இரண்டு வகையினரிடமும் பேசிப் பாருங்கள். இவனைப் போன்றவர்கள்தான் நமக்கு உதவும்படி சொல்வார்கள். அவர்களும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவர்கள்.

அவர்கள் சொல்வதில் நமக்குப் பொருந்தாததும் உண்டு. "கஷ்டமா இருந்தா டிராப் பண்ணிடு" என்பது அங்கே சர்வசாதாரணம். ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர் பொதுவாக செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் (படிப்புச் சுமையை அளக்கும் அலகு) வைத்திருக்க வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு வகுப்பை விட்டால் விசாவுக்கே சிக்கல். ரொம்ப அதிகமாகவும் எடுக்காதீர்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே குறைந்தது 2 மணி நேர வேலை என்பது அமெரிக்க மத்திய அரசின் விதியிலேயே உள்ள கணக்கு. 15 கிரெடிட் எடுத்தால் வாரத்துக்கு 45 மணி நேரம்.

நண்பர்களிடம் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இந்த ஹோம்வொர்க்கைச் சேர்ந்து செய்யலாமா?" ஒரு வகுப்பில் லேப் ரிப்போர்ட்டை இருவர் சேர்ந்தே எழுதலாம், பக்கத்து வகுப்பில் பேசிக்கொள்ளலாம், ஆனால் கம்ப்யூட்டர் கோடை (புரோகிராமை) தனித்தனியாக எழுத வேண்டும். போன வருஷம் படித்தவனுக்கு இந்த வருஷத்து விதி தெரியாது. விசாரணை என்று வந்தால் "அவன்தான் சொன்னான்" என்பது எடுபடாது. பேராசிரியருக்கோ அவருக்கு உதவும் டிஏவுக்கோ (டீச்சிங் அசிஸ்டென்ட்) இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.