விக்டோரியா காலப் பணக்காரர்கள் தோட்டத்துக்குள் இடிந்த கோட்டைகளை ஏன் விட்டு வைத்தார்கள்?

விட்டு வைத்தது மட்டுமில்லை, ஒழுங்காக நின்றுகொண்டிருந்த கட்டடத்தைத் தாங்களே ஆள் வைத்து இடித்த கதையும் உண்டு. புது மாளிகை கட்டப் பணம் இருந்தவர்களுக்குப் பழைய சுவரை அப்புறப்படுத்த முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், ஆனால் அந்த இடிபாடுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நான் நேரில் பார்த்த ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன்: இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், லாம்பர்ஹர்ஸ்ட் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்காட்னி.

அங்கே இருப்பது இரண்டு வீடுகள். கீழே பள்ளத்தில், அகழித் தண்ணீருக்கு நடுவே, 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த பழைய கோட்டை. அதன் கோபுரங்களில் இன்று உருப்படியாக நிற்பது ஒன்றே ஒன்று, உருண்டையான உடம்பும் கூம்பாக ஒரு ஓட்டுக்கூரையுமாக. அதை ஒட்டிப் பிற்காலத்தில் சேர்த்த வீட்டுப் பகுதிகள். மேலே மேட்டில் இருப்பது புது வீடு. இந்த இடத்தின் சொந்தக்காரர் எட்வர்ட் ஹஸி என்பவர் ஆண்டனி சால்வின் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1837-இல் தொடங்கி 1843-இல் முடித்தது. விக்டோரியா அரியணை ஏறிய வருடமும் அதே 1837 தான்.

இடையில் கொஞ்சம் பின்கதை சொன்னால்தான் புரியும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் 'பிக்சரஸ்க்' என்று ஒரு ரசனை கிளம்பியது: ஒரு நிலக்காட்சி ஓவியத்தில் எப்படி இருக்குமோ அப்படி நிஜ நிலமும் இருந்தால்தான் அழகு. கண்ணெதிரே கரடுமுரடாகப் பாறையும் புதரும், நடுவில் பழசாக ஏதாவது ஒன்று (உடைந்திருந்தால் இன்னும் நல்லது), தூரத்தில் மங்கலாக மலையோ மரங்களோ. அதுவரை மோஸ்தரில் இருந்த வழுவழுப் புல்வெளித் தோட்டத்தை இவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1794-இல் யூவ்டேல் பிரைஸ், ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற எழுத்தாளர்கள் இருவரும் அதைத் தாக்கி எழுதினார்கள். பித்து எந்த அளவுக்கு என்றால், சுற்றுலா போகிறவர்கள் பையில் கறுப்புச் சாயமேற்றிய குவிந்த கண்ணாடி ஒன்றை எடுத்துப்போய், மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மலையைக் கண்ணாடியில் பார்த்து ரசித்தார்கள். செல்ஃபி எடுப்பவர்களை இனி நான் கிண்டல் செய்வதாக இல்லை.

சரி, ஸ்காட்னிக்கு வருவோம். வீடு எங்கே வர வேண்டும் என்பதற்கு ஹஸி ஆலோசனை கேட்டது வில்லியம் சாரி கில்பின் என்ற தோட்டக்கலைஞரிடம். பிக்சரஸ்க் என்ற கருத்தைப் பரப்பிய வில்லியம் கில்பினின் உறவுக்காரர் இவர். எங்கே நின்றால் கீழே இருக்கும் கோட்டை நன்றாகத் தெரியும் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது, வீட்டின் இடம் அதிலிருந்து வந்தது. அப்புறம் கல். புது வீட்டுக்கான மணற்கல்லை வேறெங்கிருந்தும் வண்டி கட்டிக் கொண்டுவரவில்லை, மேட்டுக்கும் கோட்டைக்கும் நடுவில் இருந்த சரிவிலேயே வெட்டி எடுத்தார்கள். வெட்டிய பிறகு பெரிய பள்ளம் ஒன்று மிஞ்சும் அல்லவா, வேறு யாராக இருந்தாலும் மண் கொட்டி மூடியிருப்பார்கள். இவர்கள் அதில் செடி நட்டார்கள். ஓவியத்துக்குத் தேவையான 'கரடுமுரடான முன்பகுதி' செலவில்லாமல் கிடைத்துவிட்டது! எனக்கு இந்த முழுக் கதையிலும் ரொம்பப் பிடித்தது இந்தக் குழிதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். 1843 வரை கீழ் வீடு ஆள் குடியிருந்த வீடு, பாழடைந்தது இல்லை. மேலே குடியேறிய பிறகு, 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய பகுதியை ஹஸி இடிக்கச் சொன்னார், ஆனால் தரைமட்டமாக இல்லை. கூரை போனது, சில சுவர்கள் மட்டும் ஜன்னல் ஓட்டையோடு நின்றன. ஜன்னலுக்குப் பின்னால் அறை இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிகிறது. ஓவியர் தூரிகையால் செய்வதை இவர் கடப்பாரையால் செய்தார். வேடிக்கை என்னவென்றால், மேலே வீடு கட்டிக் கொடுத்த சால்வின் பின்னாளில் லண்டன் டவர், வின்ட்சர் போன்ற கோட்டைகளைப் பழுதுபார்த்துப் பேர் வாங்கியவர்.

புது வீடு எப்படி? உண்மையைச் சொன்னால், வாசல் பக்கம் நின்றபோது எனக்கு ஏமாற்றம்தான். டியூடர் பாணி முக்கோண முகப்புகள், நெட்டையும் குட்டையுமாகப் புகைபோக்கிகள், இடமும் வலமும் பொருந்தாத அமைப்பு, மொத்தத்தில் கொஞ்சம் சிடுசிடுப்பான வீடு. அந்தப் பொருத்தமின்மை வேண்டுமென்றே செய்தது, ஒரேயடியாகக் கட்டியதை நூறு வருடமாக வளர்ந்த வீடு போலக் காட்டுவதற்கு. வாசலில் நிற்பவருக்குக் கோட்டை கண்ணில் படாது. சுற்றிக்கொண்டு தோட்டப் பக்கம் வந்து, குழிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிச் சுவர் மேடையில் நின்றால் சட்டென்று எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது: காலடியில் பாறை, அதற்குக் கீழே அகழி, கோபுரம், எதிரே மரச்சரிவு. இந்த வீடு பார்ப்பதற்குக் கட்டியது இல்லை, உட்கார்ந்து பார்க்கக் கட்டியது என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

இந்த ஹஸியின் பேரன் கிறிஸ்டபர் ஹஸி, இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர், பிக்சரஸ்க் பற்றியே 1927-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் 1970-இல் இறந்தபோது இடம் பழைய கட்டடங்களையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குப் போனது. மார்கரெட் தாட்சர் தம்பதி கொஞ்ச காலம் இங்கே ஒரு பகுதியை வாடகைக்கு வைத்திருந்தார்கள் என்பது கூடுதல் செய்தி. 1987 அக்டோபர் புயலில் நிறைய மரங்கள் சாய்ந்தன, பிறகு நட்டவைதான் இப்போது பல இடங்களில் நிற்கின்றன. இடிபாட்டை இடிபாடாகவே வைத்திருப்பதும் லேசான வேலை இல்லை, கொடியும் வேரும் சுவரைப் பிளக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போவதாக இருந்தால் மே கடைசியில் போங்கள், ரோடோடென்ட்ரானும் அசேலியாவும் பூத்திருக்கும். குழிக்குள் இறங்கும்போது தரையை நன்றாகப் பாருங்கள், கல்லில் ஒரு டைனோசரின் காலடித் தடம் இருக்கிறது. நான் பூவைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போதுதான் பார்த்தேன்.