துவாயை விடுங்கள், செருப்பைப் பற்றிப் பேசுவோம்

(கேட்டவர்: வெள்ளவத்தையில் இருந்து 62 வயது வாசகி. யூடியூப்பில் பார்த்தபடி கால்விரலால் துவாயைச் சுருட்ட முடியவில்லை, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கவும் முடியவில்லை, பாரிசவாதம் வரப்போகிறதா?)

பாரிசவாதம் இப்படி வராது. அது திடீரென்று, பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும். துவாயை விரித்துச் சோதித்துப் பார்க்க நேரம் தராது. அந்த 10 விநாடிக் கதை 2022இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்விலிருந்து கிளம்பியது. 51 முதல் 75 வயதுவரையான 1702 பேரில், நிற்க முடியாதவர்களிடையே பின்னர் இறந்தவர்கள் கூடுதல்தான். ஆனால் அவர்களிடம் நீரிழிவும் கூடுதலாக இருந்தது என்பதை வீடியோக்காரர் எங்கே சொன்னார்?

நீங்கள் எழுதிய முழங்கால் உளைவு, பித்தவெடிப்பு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் பிறகு பார்க்கலாம். கடிதத்தின் கடைசியில், காலி வீதியில் பஸ் ஏறும்போது செருப்பு கழன்றதே தெரியவில்லை, பின்னால் வந்த பிள்ளைதான் எடுத்துத் தந்தது, வயசு போய்விட்டது டொக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வருடம் சீனி வருத்தம் உள்ள ஒருவர் இதை எழுதினால் எனக்கு வயசு ஞாபகத்துக்கு வராது, நரம்புதான் வரும்.

நிற்கும்போது உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே விரல்கள், முக்கியமாகப் பெருவிரல், நிலத்தை அழுத்திப் பிடித்து உங்களை நிறுத்துகின்றன. நீரிழிவு முதலில் கெடுப்பது நீளமான நரம்புகளின் நுனியை. அதனால் பாதத்தின் சின்னத் தசைகள் வற்றி விரல்கள் மேல்நோக்கி மடங்கும், நிலத்தைத் தொடாது. கூடவே உணர்வும் போகும். அப்போது கண்தான் உங்களை நிறுத்திவைக்கிறது. கண்ணை மூடி முகம் கழுவும்போது ஆடுகிறதா? ஆடினால் இந்தக் கிழமையே கிளினிக் போங்கள். ஆடாவிட்டாலும் போங்கள், செருப்புக் கதை ஒன்றே போதும். உணர்வு இருக்கிறதா என்று நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், எச்பிஏ1சியும் (மூன்று மாதச் சராசரிச் சீனி) விற்றமின் பி12உம் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் மெட்போமின் என்ற சீனிக் குளிசை குடித்தால் பி12 குறையலாம்.

பாமசியில் கேட்டு வாங்கும் அந்த நரம்புக் குளிசையை இப்போதைக்கு நிறுத்துங்கள். அதில் பி12 இருந்தால் சோதனை முடிவு குழம்பும், விற்றமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நல்லது செய்யப்போய் நீங்களே வருத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

துவாய்ப் பயிற்சி செய்ய ஆசையென்றால் கதிரையில் இருந்து செய்யுங்கள், தீங்கில்லை. அதைவிட, பாதத்தில் புண் இல்லையென்றால், குசினி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குதிக்காலை உயர்த்தி இறக்குவது நல்லது, ஏனென்றால் விரலை இழுக்கும் பெரிய தசைகள் கெண்டைக்காலில்தான் இருக்கின்றன. ஒற்றைக்கால் சோதனையைத் தனியாக, அதுவும் ஈரமான குளியலறையில் செய்தால் விழுந்து இடுப்பெலும்பு உடைவதுதான் மிச்சம். வெயில் நேரத்தில் கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றவேண்டாம், கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் அந்தக் கழன்ற செருப்பு. இனி பின்பட்டி வைத்ததைப் போடுங்கள், பழையதைக் கையில் கிளினிக்குக் கொண்டுபோங்கள், எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று டொக்டர் பார்க்கட்டும்.