மகனுக்குப் பத்து மாதத்தில் மூன்று முறை டைபாய்டா?

கேள்வி: 24 வயது மகனுக்குப் பத்து மாதத்தில் மூன்று முறை டைபாய்டு என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ரத்தப் பரிசோதனை எடுத்தோம், வைடால் பாசிட்டிவ். ஐந்து நாள் ஊசி போட்டால் சரியாகிவிடுகிறது. போன வாரம் காய்ச்சலே இல்லாதபோது பார்த்தோம். அப்போதும் ‘ஓ 160’. கிருமி உடம்பிலேயே தங்கிவிட்டதா? மறுபடி ஊசி போட வேண்டுமா?

பதில்: ஊசி வேண்டாம். காய்ச்சல் இல்லாதவருக்கு வைடால் எடுத்ததே வீண்வேலை. அந்த மூன்று முறையும் வந்தது டைபாய்டுதானா என்பதே எனக்குச் சந்தேகம்.

வைடால் கிருமியைத் தேடும் பரிசோதனை அல்ல. கிருமியை எதிர்த்து உடம்பு தயாரித்து வைத்திருக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியைப் பார்ப்பது. ‘ஓ’ என்பது அந்த எதிர்ப்பொருளில் ஒரு வகை. 160 என்றால் 160 கிருமி என்று நினைத்துப் பயந்து வருபவர்கள் உண்டு. சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, 160 மடங்கு நீர்த்த பிறகும் அதில் எதிர்ப்பொருள் தென்பட்டது, அவ்வளவுதான் பொருள். நோய் போய்ப் பல மாதங்கள் ஆனாலும் அது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். டைபாய்டு அடிக்கடி வரும் பகுதிகளில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் ஓரளவு இருக்கும். வேறு காய்ச்சல்களிலும் எகிறும். புதிதாக வந்த டைபாய்டில் அது ஏறுவதற்கு ஒரு வாரமாவது ஆகும். இரண்டாம் நாளே பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் பழைய பாக்கிதான்.

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். ஊசி போட்ட எத்தனையாவது நாள் காய்ச்சல் இறங்கியது? உண்மையான டைபாய்டில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் முழுதாக அடங்க நான்கைந்து நாள் பிடிக்கும். மறுநாள் காலையே விட்டிருந்தால், அது தானாகவே போகவிருந்த வைரஸ் காய்ச்சலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெயர் மட்டும் ஊசிக்குப் போய்விட்டது.

இந்தக் கூத்துக்கு முதல் காரணம், லேப்கள் பல பரிசோதனைகளை மொத்தமாகக் கட்டி விற்கும் ‘காய்ச்சல் பேக்கேஜ்’. யாரும் கேட்காமலேயே வைடாலும் அதில் சேர்ந்து வரும். 1896இல் பிரெஞ்சு மருத்துவர் வைடாலின் பெயரால் அறிமுகமான முறை. எக்ஸ்ரே கண்டுபிடித்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். இன்னமும் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறோம். அதிலும் குழாயில் வைத்துப் பொறுமையாகப் பார்ப்பதில்லை; கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சில நிமிடத்தில் முடிவு. எண்ணை மட்டும் கொடுக்க வேண்டிய லேப், கொட்டை எழுத்தில் ‘டைபாய்டு பாசிட்டிவ்’ என்று நோயையே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது. பரிசோதனைக்கு அனுப்புகிறவருக்குக் கமிஷன் போகும் இடங்களில் ‘பத்து நாள் கழித்து ரிப்பீட் பண்ணுங்கள்’ என்பார்கள். குணமானதா என்று பார்க்க வைடாலைத் திரும்ப எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை. யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

தேவையில்லாத ஊசியால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். போடப்போடக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகப் பழகிவிடும். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஒரு வகை டைபாய்டு கிளம்பியது. இப்படிப் போடுகிறார்களே செஃப்ட்ரியாக்சோன், அந்த ஊசிக்கே அது அடங்கவில்லை. மிச்சமிருப்பது ஓரிரண்டு மருந்துகள்தான்.

கிருமி தங்கிவிடுவது என்பதும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்குச் சிலரிடம், குறிப்பாகப் பித்தப்பையில் கல் இருப்பவர்களிடம், கிருமி பித்தப்பையில் குடியேறி ஒரு வருடத்துக்கு மேலும் மலத்தில் வெளியேறும். நியூயார்க்கில் வீடுகளில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் அப்படித்தான் 1907இல் பிடிபட்டார். இடையில் விடுவித்தார்கள், பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைக்கப் போனார். 1915இல் திரும்பப் பிடித்து, 1938இல் இறக்கும்வரை தனிமையிலேயே வைத்திருந்தார்கள். ஆனால் கவனியுங்கள்: அவருக்குக் காய்ச்சல் இல்லை. சுற்றியிருந்தவர்களுக்குத்தான் வந்தது. உங்கள் மகன் கதை நேரெதிர். அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால், அல்லது பலருக்குச் சமைக்கும் வேலையில் அவர் இருந்தால், மலக் கல்ச்சர், அதாவது மலத்திலிருந்து கிருமியை லேபில் வளர்த்துக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, பாருங்கள். ஒரு முறை போதாது, சில முறை. தங்கியிருப்பது உறுதியானால் வாரக்கணக்கில் மாத்திரை இருக்கிறது. ஐந்து நாள் ஊசி அதற்கும் உதவாது.

அடுத்த முறை காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் பிளட் கல்ச்சர் கேளுங்கள், ரத்தத்தில் அதே போலக் கிருமியைத் தேடுவது. கடும் வயிற்றுவலி, கறுப்பு மலம், பிதற்றல் என்றால் மூன்று நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவமனை. கல்ச்சரும் எல்லாரிடமும் பிடித்துவிடாது. ஆனால் பிடித்தால் சந்தேகமில்லை, எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரிந்துவிடும். முக்கியம், முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன்பு ரத்தம் எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு அன்றே மருந்தைத் தொடங்குவது மருத்துவர் விருப்பம். ‘ரிசல்ட் வர மூன்று நாள் ஆகுமே’ என்று இழுப்பார்கள். ஆகட்டும்.