பூச்சியின் மூளையை ஆராய விரும்பும் மகன்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

பூச்சிகளின் நரம்பியலையும் நடத்தையையும் ஆராயப் போவதாகத் தங்கள் மகன் உறுதியாக நிற்பதையும், அந்தப் படிப்பு அவனுக்குச் சோறு போடுமா என்று தாங்கள் கலங்குவதையும் கடிதத்தில் அறிந்தேன். கவலை நியாயமானதே. ஆனால் கவலைப்பட வேண்டியது பாதையின் நீளத்தைப் பற்றித்தான். பாடத்தைப் பற்றி அச்சம் வேண்டாம்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பழ ஈயின் மூளையில் சுமார் 1,40,000 மட்டுமே. எனவேதான் வளர்ந்த பழ ஈ ஒன்றின் மூளையில் எந்த நரம்பணு எதனோடு இணைகிறது என்பதை முழுமையாகக் காட்டும் வரைபடத்தை 2024-இல் வெளியிட முடிந்தது. உடலின் பகல்–இரவுக் கடிகாரம் இயங்கும் விதத்தை இதே ஈயின் மரபணுக்களைக் கொண்டு விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அதைப் போன்ற கடிகாரமே மனித உடலிலும் இயங்குகிறது.

ஆர்வத்தோடு பொறுமையும் அவனுக்கு உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேனீ தன் நடனத்தின் கோணத்தால் உணவிருக்கும் திசையையும், நடனத்தில் உடலை ஆட்டியபடி ஓடும் ஓட்டத்தின் கால அளவால் தொலைவையும் தெரிவிக்கிறது என்று விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் கண்டறிந்தது, தேனீக்களின் மேல் வண்ணப்புள்ளி இட்டு அவற்றைத் தனித்தனியே அடையாளம் கண்டு பல்லாண்டு கவனித்ததன் பயனாகும். தங்கள் மகனை ஓர் எறும்புச் சாரியை நாள்தோறும் ஒரே நேரத்தில் கவனித்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள்; சில வாரங்களுக்குப் பின்னும் அவன் புதிய கேள்விகளோடு வந்தால், தயங்காமல் அனுப்பலாம்.

இளநிலையிலேயே பாடத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டாம். உயிரியலோடு கணிதம், புள்ளியியல், கணினி நிரலாக்கம் ஆகியவற்றையும் அவன் கற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏனெனில் பூச்சியின் அசைவைக் கேமராவில் பதிந்து கணினியால் பகுத்தறிவதே இன்றைய ஆய்வுக்கூடங்களின் அன்றாடப் பணி. ஆய்வுத்துறையை விட்டு விலக நேர்ந்தாலும் தரவுப் பகுப்பாய்வு, பயிர்ப் பாதுகாப்பு, கொசுவால் பரவும் நோய்களின் தடுப்பு முதலியவற்றில் அத்திறன் வேலை தேடித் தரும்.

முனைவர் பட்டத்துக்கும் அதன்பின் வரும் தற்காலிக ஆய்வுப் பணிக்கும் பல ஆண்டுகள் ஆகும். நிரந்தரப் பேராசிரியர் இடங்களோ பட்டம் பெறுவோரைவிடக் குறைவு. ஆகவே உதவித்தொகை உறுதியில்லாத இடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்க்காதீர்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழை மட்டும் பாராமல், அவரிடம் பயின்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டறியச் சொல்லுங்கள்.