ஓடாமல் நின்ற கார், நன்றாக வைத்திருந்த கார் ஆகுமா?

வாசகர் கேள்வி – பதில்: வாகனம்

கூரை மடிந்து திறக்கும் இரண்டு இருக்கைக் கார்களைப் பற்றி இம்முறை மூன்று கடிதங்கள் வந்துள்ளன. மூன்றும் பழைய காரை வாங்குவது பற்றியவை என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: சென்னையில் ஒருவர் தம்முடைய பி.எம்.டபிள்யூ இசட்4 எஸ்டிரைவ்35ஐ (sDrive35i) காரை விற்கிறார். 2014ஆம் ஆண்டு பதிவு, முதல் உரிமையாளர், ஓடியது 14,000 கிலோமீட்டர் மட்டுமே. "உறை போட்டு ஷெட்டிலேயே வைத்திருந்தேன், மழையில்கூட எடுத்ததில்லை" என்கிறார். நேரில் பார்த்தேன், புதுக் கார் போலவே இருக்கிறது. நீண்ட நாள் ஆசை. நம்பி வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்கத் தகுந்த கார்தான். ஆனால் விற்பவர் சொல்லும் காரணத்துக்காக வாங்காதீர்கள். பத்தாண்டுகளுக்கு மேலான ஒரு கார் 14,000 கிலோமீட்டர் மட்டும் ஓடியிருக்கிறது என்றால், மாதக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கிறது என்றே பொருள். எஞ்சின் எண்ணெய், பிரேக் திரவம், ரப்பர், பேட்டரி ஆகியவை கிலோமீட்டர் கணக்கில் மட்டும் வயதாவதில்லை. நாள் கணக்கிலும் வயதாகின்றன. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது என்பதால், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும் என்று பி.எம்.டபிள்யூ நிறுவனமே சொல்கிறது. எனவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது எத்தனை கிலோமீட்டர் என்பதை அன்று. ஆண்டுவாரியான சர்வீஸ் பில்களை. கார் வெறும் 800 கிலோமீட்டர் ஓடிய ஆண்டிலும் எண்ணெய் மாற்றிய பில் இருந்தால், அந்த உரிமையாளர் காரை உண்மையாகவே நன்றாக வைத்திருந்தவர். "ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ்" என்று அவர் சொன்னால், அந்தக் குறைந்த கிலோமீட்டருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

ஓடோமீட்டர் எண்ணையும் சரிபார்க்கலாம். இந்தக் காரின் சாவியிலேயே ஓடிய தூரமும் சர்வீஸ் நிலவரமும் பதிவாகின்றன. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் சாவியைக் கொடுத்தால் படித்துச் சொல்வார்கள். இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டுமே இருக்கிறது என்றால், மற்றொன்று எங்கே போயிற்று என்று தெரியாமல் மேற்கொண்டு பேச வேண்டாம்.

அடுத்து டயர்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளைத் தொடரும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3513 என்று இருந்தால் 2013ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அறியலாம். குறைவாக ஓடிய காரில் காரோடு வந்த அதே டயர்கள் இன்னமும் இருக்கக் கூடும். பூத்தடம் புதிதுபோல ஆழமாகத் தெரிந்தாலும், ரப்பர் இறுகி, ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். 306 குதிரைத்திறன் கொண்ட காருக்கு அத்தகைய டயர் ஆபத்தானது. தவிர இவை காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் வகை டயர்கள். காரில் ஸ்டெப்னி கிடையாது. முன்னால் 225/40, பின்னால் 255/35 என்று 18 அங்குலச் சக்கரங்களில் இரு வேறு அளவுகள் வருவதால், முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் இயலாது. நான்கு புது டயர்களின் விலையை இப்போதே விசாரித்து, விலை பேசும்போது கழித்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவர் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால், நம் சாலைப் பள்ளங்களின் அடி நேரே அலாய் சக்கரத்தில் இறங்கும். நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சுழலவிட்டு, நெளிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காரின் உயிர் அதன் கூரையில் இருக்கிறது. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் ஆலையில் உருவான இந்தத் தலைமுறை இசட்4, 2009இல் அறிமுகமானது. துணிக் கூரைக்குப் பதிலாக இரண்டு துண்டுகளாக மடிந்து டிக்கிக்குள் இறங்கும் அலுமினியக் கூரை இதில்தான் வந்தது. வெளித்தோற்றத்தை யூலியானே பிளாசி, உட்புறத்தை நாத்யா அர்னவுத் என இரண்டு பெண்கள் வடிவமைத்தார்கள். நீண்ட முகப்பும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஓட்டுநர் அமரும் அமைப்பும் இன்றும் பழசாகத் தெரியவில்லை என்பது என் கருத்து. கூரை முழுதும் திறக்க ஏறத்தாழ 20 விநாடிகள் ஆக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, தொடர்ந்து மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். முதல் முறை ஒழுங்காக வேலைசெய்து, மூன்றாம் முறை பாதியில் நிற்கும் கூரைகள் உண்டு. டிக்கியில் உள்ள தடுப்புத் திரை தன் இடத்தில் பொருந்தியிருந்தால்தான் கூரை அசையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அது தெரியாமல் பழுது என்று முடிவுகட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி இறங்கினாலோ, மோட்டாரின் ஓசை இடையில் திணறினாலோ, எண்ணெய் அழுத்தத்தால் கூரையை அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்று கொள்ளலாம். டிக்கியின் பக்கவாட்டு உறைகளை விலக்கி, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு கூரையை மூடி, பூவாளியால் கண்ணாடி விளிம்புகளிலும் கூரைத் துண்டுகளின் இணைப்பிலும் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். "மழையில் எடுத்ததே இல்லை" என்ற காரில் ரப்பர் பட்டைகள் காய்ந்து சுருங்கியிருப்பது வெளியே தெரியாது. நீங்கள் எடுக்கும் முதல் மழையில்தான் தெரியும்.

எஞ்சினைக் காலையில், அது முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது நீங்களே கிளப்புங்கள். நீங்கள் வருமுன் சூடேற்றி வைத்திருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ கொண்ட என்54 என்ற இந்த எஞ்சின் மிக இனிமையானது. ஆனால் அதன் பலவீனங்கள் ஊரறிந்தவை. உயர் அழுத்த எரிபொருள் பம்ப் பழுதாவதால் 2010இல் அமெரிக்காவில் இந்த எஞ்சின் கொண்ட பல மாடல்களை, அன்றைய இசட்4 உட்பட, நிறுவனம் திரும்ப அழைத்தது. பிந்தைய கார்களில் பம்ப் திருத்தப்பட்டது என்றாலும், ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட நீண்ட நேரம் எடுத்தால் கவனியுங்கள். குளிரூட்டி நீரைச் சுற்றச்செய்வது மின்சாரப் பம்ப். அது பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமலே நின்றுவிடும், ஆகவே மாற்றிய பில் இருந்தால் அது காருக்குச் சாதகமான செய்தி. எண்ணெய் ஃபில்டர் பொருந்தும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வயதானால் கசிந்து, அந்த எண்ணெய் முன்புற பெல்ட்டின் மேல் சொட்டும். எஞ்சினின் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்காமல் வர வேண்டாம். பேட்டரி மாற்றியிருந்தால், அதைக் காரின் கணினியில் பதிவு செய்தார்களா என்றும் கேளுங்கள். நம் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார் 10 சதவீதம் வரைக்குமே ஏற்ற காலத்தைச் சேர்ந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், டேங்கில் அத்தகைய பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது நல்லதன்று.

சென்னைக் கார் என்பதால் இன்னொன்று. 2014இல் பதிவான கார் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் அந்த நகரில் கண்டிருக்கிறது. தரைக்கு இவ்வளவு தாழ்வாக அமைந்த காருக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டின் அடியிலுள்ள தண்டவாளங்களில் துரு இருக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்தில் முந்தைய கிளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்க விற்பவரையே அனுப்புங்கள். மறைக்க ஏதும் இல்லாதவர் தயங்க மாட்டார்.

ஆவணங்களில் சிக்கல் குறைவு. பதிவு 15 ஆண்டுகள், அதாவது 2029 வரை செல்லும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அது நீங்கும் வரை முழுப் பணத்தையும் தர வேண்டாம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்தை நீங்களே முன்நின்று முடியுங்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கிளெய்ம் இல்லாமைக்கான தள்ளுபடி விற்பவருக்கே உரியது, உங்களுக்கு வராது என்பதால் பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடும்.

கேள்வி: பெங்களூரில் 2012 பதிவு மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல்.கே. 350 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. கர்நாடகப் பதிவு எண்ணுடனே மதுரையில் ஓட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 12 மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்தை அந்த மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். படிவம் 28 மூலம் கர்நாடகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே காரின் வயதுக்கேற்பக் கணக்கிடும் ஆயுள்கால வரியைக் கட்ட வேண்டும். அந்தக் கணக்கு நீங்கள் கொடுக்கும் விலையின் மீது அன்று, காரின் மூல விலையின் மீது வரும். முழுதும் வெளிநாட்டில் தயாராகி இறக்குமதியான கார் என்பதால் தொகை உங்களைத் திடுக்கிட வைக்கலாம். விலை பேசும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்தத் தொகையைக் கேட்டு அறியுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஆனால் அதை உடனே கைக்கு வரும் பணமாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பதிவு 2027இல் முடிகிறது என்பதையும், அதன் பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கருதினால், "நல்ல விலை" என்று நீங்கள் சொல்வது அவ்வளவு நல்ல விலைதானா என்று எனக்குத் தோன்றுகிறது. காரைப் பொறுத்தவரை குறையில்லை; மடியும் உலோகக் கூரையை 1996இல் மீண்டும் பரவலாக்கிய வரிசை இது.

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். துணிக் கூரை கொண்ட 2006 இசட்4 ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், லண்டன்

பதில்: நீங்கள் கேட்பது அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க் ஆலையில் தயாரான முந்தைய தலைமுறைக் கார். கூரையிலிருந்து வழியும் நீர் வெளியேறும் துளைகள் இலைச் சருகால் அடைபட்டால், தாழ்வான இடத்தில் பொருத்தப்பட்ட கூரை மோட்டார் நீரில் மூழ்கிப் பழுதாகும். இந்த மாடலின் பெயர்பெற்ற குறை இதுதான். மரத்தடியில் நிறுத்தப்பட்ட காரா என்று கேளுங்கள். சாலையில் தூவும் உப்பால் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். உங்களுக்கு ஒரு வசதி உண்டு: பதிவு எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் அந்தக் காரின் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதி) சோதனை வரலாறு முழுவதையும், ஒவ்வொரு சோதனையிலும் பதிவான மைல்களோடு, கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒரே குறை ஆண்டுதோறும் எச்சரிக்கையாகக் குறிக்கப்பட்டும் சரிசெய்யாமல் விட்டிருந்தால், கார் எவ்வளவு மின்னினாலும் விட்டுவிடுங்கள். வி5சி என்ற பதிவு ஆவணம் உரிமைக்குச் சான்று ஆகாது என்பதால், காரின் மீது கடன் நிலுவை இருக்கிறதா என்று தனியே கட்டணம் கட்டிச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.