பவர் எழுதிக் கொடுக்காதீர்கள்: தனி வீட்டை விற்று ஃப்ளாட்டுக்கு மாறுகிறவர்களுக்கு

கேள்வி: குரோம்பேட்டையில் ஒரு கிரவுண்டில் தனி வீடு. 1988-ல் மனை வாங்கி, 1991-ல் கட்டினோம். பத்திரம், பட்டா இரண்டும் மனைவி பெயரில். எனக்கு 71 வயது, அவளுக்கு 66. முழங்கால் வலியால் அவளால் படி ஏற முடியவில்லை. வீட்டைப் பராமரிக்க என்னாலும் முடியவில்லை. விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டுக்குப் போக நினைக்கிறோம். தரகர் ஒருவர் 1.80 கோடிக்கு ஆள் இருக்கிறது என்கிறார். இப்போது 10 லட்சம் ரொக்கமாக வாங்கிக்கொண்டு பவர் (எங்கள் சார்பில் வீட்டை விற்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். 87 லட்சத்தில் ஒரு பழைய ஃப்ளாட்டும் காட்டினார். அதை மகன் பெயரிலேயே வாங்கிவிட்டால் பின்னால் மாற்றும் செலவு மிச்சம், ஃப்ளாட் வாங்குவதால் வரியும் கிடையாது என்கிறார். செய்யலாமா?

பதில்: பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். ரொக்கம் வாங்காதீர்கள். ஃப்ளாட்டை மகன் பெயரில் வாங்காதீர்கள். வரி வரும்; ஆனால் பயப்படும் அளவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம். தரகர் சொன்ன நான்கில் ஒன்றுகூடச் சரியில்லை என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பவர். உங்கள் வீட்டை உண்மையிலேயே வாங்க நினைப்பவருக்குப் பவர் எதற்கு? பணத்தைக் கொடுத்துக் கிரயப் பத்திரம் பதிந்துகொண்டு போக வேண்டியதுதானே. பவர் கேட்கிறார் என்றாலே அவர் வாங்குகிறவர் இல்லை, வாங்கி விற்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டைக் காட்டி வேறொருவரைத் தேடுவார். ஆள் கிடைக்கும்வரை உங்களுக்கு மீதிப் பணம் வராது. நீங்கள் பார்த்துவைத்த ஃப்ளாட்டோ அதுவரை காத்திருக்காது.

இதில் யாரும் சொல்லாத ஒரு கண்ணி இருக்கிறது. பவர் வாங்கியவர் வீட்டை 2.10 கோடிக்கு விற்கிறார் என்று வையுங்கள். அந்தப் பத்திரத்தில் விற்பவர் யார்? உங்கள் மனைவி. பவர் முகவர் அவருக்காகக் கையெழுத்துப் போடுபவர் மட்டும்தான். வாங்குபவர் 50 லட்சமோ அதற்கு மேலோ போகும் கிரயத்தில் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அது உங்கள் மனைவியின் பான் எண்ணில்தான் ஏறும். கையில் வந்தது 1.80 கோடி, வருமான வரித் துறையின் கணக்கில் இருப்பது 2.10 கோடி. நடுவில் போன 30 லட்சத்துக்கும் சேர்த்து நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். பவர் மூலம் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் இந்த வியாபாரம் தெருவுக்குத் தெரு நடக்கிறது, பாதிக்கப்படுகிறவர்களில் உங்கள் வயதுக்காரர்களும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரை நினைத்தபோது ரத்து செய்யவும் முடியாது. ரத்துப் பத்திரம் பதிந்தாலும் அவர் நீதிமன்றத்துக்குப் போவார், உங்களுக்கு வழக்கு மிச்சம்.

பவரே கூடாதா என்றால், ஒரே ஓர் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. உங்கள் மனைவிக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். சார்பதிவாளர் அலுவலகங்கள் பலவற்றின் லட்சணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாடியில் அலுவலகம், லிஃப்ட் கிடையாது, டோக்கன் நேரம் ஒன்று, கூப்பிடும் நேரம் ஒன்று, உட்கார ஒரு பெஞ்ச். வாழ்நாள் சேமிப்பைக் கைமாற்ற வரும் முதியவர்களை இப்படி நிற்கவைப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆத்திரத்தைத்தான் தருகிறது. அப்படி அவரால் போகவே முடியாத நிலை வந்தால், உங்களுக்கோ மகனுக்கோ அந்த ஒரு பத்திரத்தைப் பதியும் வேலைக்கு மட்டும் தனிப் பவர் எழுதிக் கொடுக்கலாம். யாருக்கு, என்ன விலைக்கு விற்பது, பணம் எந்த வங்கிக் கணக்கில் வரவேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கவேண்டும். அதைவிட நல்ல வழியும் உண்டு: உடல்நலம் குன்றியவர்களுக்காகப் பதிவு அதிகாரியே வீட்டுக்கு வந்து பதியப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்து, அதற்கான கட்டணம் கட்டினால் போதும். கேட்டால் "அதெல்லாம் கஷ்டம் சார்" என்பார்கள். விடாமல் எழுத்தில் கேளுங்கள். எப்படியானாலும் தரகர், பில்டர், அவர்களுடைய அலுவலகப் பையன் யார் பெயரிலும் பவர் வேண்டாம்.

ரொக்கத்துக்கு அதிக விளக்கம் தேவையில்லை. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கு வாங்கியவருக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. 10 லட்சத்துக்கு 10 லட்சம். எல்லாம் வங்கி வழியாகவே வரட்டும்.

இப்போது வரி. "வீட்டை விற்று ஃப்ளாட் வாங்கினால் வரி இல்லை" என்பது பாதி உண்மை. வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு தரும் சலுகை அது (2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் எண் மாறினாலும் சலுகை தொடர்கிறது). லாபத்தில் எவ்வளவைப் புது வீட்டில் போடுகிறீர்களோ அவ்வளவுக்குத்தான் விலக்கு. பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பு) தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சான்று தருவார். மனையும் கட்டடமும் சேர்த்து 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 1.80 கோடிக்கு விற்றால் லாபம் 1.68 கோடி. ஃப்ளாட் 87 லட்சம், அதன் மேல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 95 லட்சம். பதிவுச் செலவும் முதலீட்டில் சேரும், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். மீதி 73 லட்சத்துக்கு 12.5 சதவீதம் என்றால் சுமார் 9 லட்சம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி 20 சதவீதம் போடும் பழைய கணக்கில் வரி குறைந்தால், அதையே கட்டலாம். கூடுதல் வரியும் செஸ்ஸும் தனி.

இதைக் குறைக்க, விற்ற 6 மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் 50 லட்சம்வரை போடலாம். 5 வருடம் எடுக்க முடியாது, வட்டியும் சுமார்தான். 71 வயதில் 50 லட்சத்தைப் பூட்டிவைப்பது எல்லோருக்கும் சரிவராது. மருத்துவச் செலவுக்கு வேறு சேமிப்பு இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் வரியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஃப்ளாட் உங்கள் மனைவி பெயரில்தான் இருக்கவேண்டும். லாபம் அவருடையது, எனவே முதலீடும் அவருடையதாக இருக்கவேண்டும். மகன் பெயரில் வாங்கி விலக்குக் கேட்டால் மறுப்பார்கள், பிறகு மேல்முறையீடு என்று அலையவேண்டும். மகனுக்குச் சேர வேண்டும் என்றால் உயில் எழுதிப் பதிந்துவையுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, உங்கள் இருவர் காலம்வரை வீடும் உங்கள் கையில்.

விற்ற தேதிக்கு ஒரு வருடம் முன்போ, இரண்டு வருடம் பின்போ வாங்கினால் சலுகை உண்டு. ஆகவே அவசரம் வேண்டாம். ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள், வழக்கமாக ஜூலை 31, ஃப்ளாட் வாங்கி முடியவில்லை என்றால், அதற்கு ஒதுக்கிய பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போடவேண்டும். சாதாரண டெபாசிட்டில் இருந்தால் செல்லாது. இந்தக் கணக்கு 1988 முதல் இருக்கிறது; இன்றும் பல கிளைகளில் கேட்டால் விழிப்பார்கள். கணக்கை முடிக்க வரி அதிகாரியின் ஒப்புதல் வேறு வேண்டும். சொந்தப் பணத்தை எடுக்க ஒரு முதியவர் எத்தனை மேஜைக்குப் போவது? முடிந்தால் இதற்குள் போகாமலேயே, கணக்குத் தாக்கலுக்கு முன் ஃப்ளாட்டை முடித்துவிடுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்டைத் தொடாதீர்கள். பில்டர் இழுத்தடித்தால் வரிச் சலுகையும் ஊசலாடும், நீங்களும் வாடகை வீட்டில் கிடக்கவேண்டும்.

அந்த 87 லட்ச ஃப்ளாட்டின் பத்திர நகலைக் கையில் எடுங்கள். கடைசிப் பக்கங்களில் 'ஏ' ஷெட்யூல், 'பி' ஷெட்யூல் என்று இருக்கும். 'ஏ'-யில் மொத்த மனை, 'பி'-யில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம். 'ஏ' 4,800 சதுர அடி, ஒரே அளவில் 12 வீடுகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் 400 அடி வரவேண்டும். 280 என்று இருந்தால், மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கார் நிறுத்துமிடத்தையும் கிரானைட் தரையையும் காட்டுகிற தரகர் இந்தப் பக்கத்தைக் காட்டமாட்டார். கட்டடம் பழசாகிப் போகும்போது உங்கள் கையில் மிஞ்சுவது இந்த மண்தான். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் இடித்துக் கட்டலாம். அன்று கணக்கில் வருவதும் இதுவே.

ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்தில் பாக்கி இல்லை என்ற கடிதமும், 30 வருட வில்லங்கச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தரகரிடம் இப்படிச் சொல்லுங்கள்: வாங்குகிறவரே நேரில் வரட்டும், முன்பணத்தை வங்கி வழியாக என் மனைவி கணக்கில் போடட்டும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம், கிரயம் பதியும் அன்று மீதிக்கு வங்கி டி.டி. வேண்டும். வீட்டைக் காலி செய்ய 60 நாள் அவகாசம் வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலும் கிரயத்திலும் எழுதச் சொல்லுங்கள். மூலப்பத்திரத்தை "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். அசல், டி.டி. கைக்கு வந்த பிறகு, பதிவு மேஜையில் கைமாறினால் போதும்.